போனுக்கு ஒரு திண்ணை

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. அடித்து ஓயும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஓய்ந்ததும் கூப்பிட்டவருக்கு ஒரு மெசேஜ் போகிறது: "என்ன விஷயம்?"

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு என்னோடு பேச வேண்டும் என்றால் முதலில் எழுத்து மூலம் விண்ணப்பிப்பாள். "அப்பா, ஃப்ரீயா? கால் பண்ணலாமா?" நான் அனுமதி வழங்குவேன். "பத்து நிமிஷத்துல" என்று பதில் வரும். அந்தப் பத்து நிமிஷத்தில் விஷயம் என்ன என்று நான் எழுதிக் கேட்டு, அவள் எழுதிச் சொல்லி, நான் எழுதி யோசனை சொல்லி, அவள் அதை நிராகரித்து, எல்லாம் முடிந்துவிடும். பிறகு கால் எதற்கு? இந்த நடைமுறை எதுவும் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே அவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னாச்சுப்பா? யாருக்கு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா? இப்படியாப்பா பயமுறுத்துவீங்க?"

என் தலைமுறைக்குத் தந்தி என்றால்தான் அடிவயிறு கலங்கும். உள்ளே பரீட்சையில் பாஸ் என்று இருந்தாலும், வீட்டுப் பெண்கள் ஒருமுறை அழுது முடித்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். 2013 ஜூலையில் அரசு தந்தி சேவையை மூடிவிட்டது. அது பார்த்துவந்த உத்தியோகம் சில வருஷம் காலியாகக் கிடந்தது. முன்னறிவிப்பில்லாத போன் கால் இப்போது அதில் சேர்ந்திருக்கிறது.

தொலைத்தொடர்புக்காரர்களின் மாநாடுகளில் குரல் அழைப்பின் எதிர்காலத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறார்கள். 5ஜி, செயற்கை நுண்ணறிவு, செயற்கைக்கோள். எதிர்காலம் நன்றாகத்தான் இருக்கிறது. எடுக்கத்தான் ஆளில்லை.

முன்கூட்டிக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்ற விதிக்கு அடங்காதவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான். அம்பாசமுத்திரத்துப் பெரியப்பா. நினைத்தபோது கூப்பிடுவார். காலை ஐந்தரைக்கு, "முழிச்சிட்டியாலே?" என்று கேட்பதற்காகக் கூப்பிடுவார். அவர் குரல் போன் இல்லாமலேயே தாம்பரத்தில் இருக்கும் என் வீடு வரை வந்துவிடும். போனில் வருவது உபரி.

அந்தக் குரலுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பெரியப்பா டிரங்க் கால் காலத்து மனிதர். புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அழைப்பிலேயே மூன்று சாதி. ஆர்டினரி எப்போது கிடைக்கும் என்பது எக்ஸ்சேஞ்சுக்கே தெரியாது. அர்ஜென்ட்டுக்கு இரட்டைக் கட்டணம். லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. எங்கள் ஊரில் அதை யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை, அந்தக் காசுக்கு நேரிலேயே போய்விட்டு வந்துவிடலாம் என்பார்கள். லைன் கிடைத்தால் மூன்று நிமிஷம். அதில் இரண்டு நிமிஷம் "ஹலோ, கேக்கா?" என்பதிலேயே கரைந்துவிடும். மூன்றாவது நிமிஷம் முடியும்போது ஆபரேட்டர் அம்மா குறுக்கே வந்து, நீட்டிக்கவா என்று கேட்பார். எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்பது பேசுகிற இருவருக்கும் தெரியும். ஒரு சம்பந்தப் பேச்சின்போது, "வேணும்னு சொல்லுங்க சார், அவங்க இன்னும் மாப்பிள்ளையோட சம்பளத்தையே சொல்லல" என்று அந்த அம்மா எடுத்துக்கொடுத்ததாகப் பெரியப்பா சத்தியம் செய்வார்.

போன் இல்லாதவர்களுக்கும் அப்போது நம்பர் இருந்தது. அதுதான் பி.பி. நம்பர். கல்யாணப் பத்திரிகையின் மூலையில் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டு, பக்கத்தில் கூசாமல் பி.பி. என்று அச்சடிப்பார்கள். அந்த வீட்டுப் பையன் வாசலில் நின்று, "மாமா, உங்களுக்கு மெட்ராஸ்ல இருந்து போன்!" என்று வளவுக்கே அறிவிப்பான். பெரியப்பா கொடியில் கிடக்கும் சட்டையை எடுத்து, பித்தான் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போவார். வெறும் குரலுக்காகச் சட்டை போட்ட காலம் அது. முகம் தெரியும் மீட்டிங்குக்கே இன்று மேலே சட்டை, கீழே லுங்கி.

டயலைச் சுற்றினால் ஆபரேட்டர் தயவில்லாமல் அடுத்த ஊர் கிடைக்கும் என்பதை 1960இல் கான்பூரும் லக்னோவும் முதலில் அனுபவித்தன. நமக்கு அது தெருமுனைக்கு வர எண்பதுகளின் கடைசி ஆயிற்று. 1984இல் சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி மையம் தொடங்கி, தொலைத்தொடர்புப் பொறியாளர் சாம் பிட்ரோடா உள்நாட்டிலேயே எக்ஸ்சேஞ்ச் செய்யவைத்து, மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத்துகள் முளைத்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு எண்கள் ஓடும். காதலைச் சொல்ல வந்தவனும் கண்ணை அந்த எண்ணில்தான் வைத்திருப்பான். இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால், தமிழ்நாட்டுப் பாசம் முழுவதும் சாப்பாட்டுக்குப் பிறகே வெளிப்பட்டது.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமைச் செல்போனில் கூப்பிட்டார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. உச்ச நேரத்தில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம். கூப்பிட்டவருக்கு மட்டுமல்ல, எடுத்தவருக்கும் காசு. யோசித்துப் பாருங்கள்: யாரோ ஒருவர் உங்களைக் கூப்பிட்டு, அரை மணி நேரம் தன் மூட்டுவலியைச் சொல்வார், அதற்கு நீங்கள் காசு கட்ட வேண்டும். இந்த அநியாயம் 2003இல்தான் ஒழிந்தது. கூப்பிடுகிறவரே கட்டட்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொல்லிவிட்டது.

எடுப்பதற்குக் காசில்லை, கூப்பிட்டால்தான் காசு. இந்த இடைவெளியில் நம் மக்கள் கண்டெடுத்தது மிஸ்டு கால். உலகத்துக்கு இந்தியா கொடுத்தவற்றில் பூஜ்யத்துக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன். இரண்டிலும் ஒன்றுமில்லாததை வைத்தே கணக்கு முடிகிறது. பெங்களூரில் ஜிப்டயல் என்ற நிறுவனம் மிஸ்டு காலையே தொழிலாக நடத்தியது, 2015இல் ட்விட்டர் அதை விலை கொடுத்து வாங்கியது. கட்சிகள் மிஸ்டு காலில் உறுப்பினர் சேர்த்தன. எங்கள் வீட்டில் அத்தை வகுத்த சட்டம் ஒன்று இருந்தது. ஒரு ரிங், பஸ் ஏறிவிட்டேன். இரண்டு ரிங், இறங்கிவிட்டேன், ஆள் அனுப்பு. மூன்றாவது ரிங்குக்கு என்ன பொருள் என்பதில் அத்தைக்கும் மாமாவுக்கும் கடைசிவரை கருத்து ஒற்றுமை ஏற்படவில்லை. இந்த நாகரிகத்தில் மன்னிக்க முடியாத குற்றம் ஒன்றே ஒன்று: எடுத்துவிடுவது. "மிஸ்டு கால் குடுத்தா எடுத்துப்புட்டான் பாவி, ஒரு ரூவா போச்சு" என்று அத்தை கிளம்பினால் அந்தப் பாவி தீபாவளிக்கு வர முடியாது.

மிஸ்டு கால் ஏழைகளின் தந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2019இல் பெரிய கம்பெனிகளே அதில் இறங்கின. விஷயம் இதுதான். ஒரு கம்பெனியின் போனிலிருந்து இன்னொரு கம்பெனியின் போனுக்குப் பேசினால், முதல் கம்பெனி இரண்டாவதற்கு நிமிஷத்துக்கு 6 காசு தர வேண்டும். எனவே கூப்பிடுகிறவனைவிட எடுக்கிறவனுக்கே லாபம். போன் அடிக்கும் நேரத்தைச் சுருக்கிவிட்டால்? எதிராளி எடுப்பதற்குள் நின்றுவிடும். அவர் மிஸ்டு காலைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிடுவார். 6 காசு இந்தப் பக்கம் வரும். வழக்கமாக அரை நிமிஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டிருந்த மணி 20 வினாடி, 25 வினாடி என்று இளைத்தது. ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் குறைத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கான விஞ்ஞானம், விண்ணளவு கோபுரங்கள், பல்லாயிரம் கோடி அலைக்கற்றை, கடைசியில் வந்து நின்ற இடம் எங்கள் அத்தையின் சட்டப் புத்தகம். 2019 நவம்பரில் டிராய் நாட்டாமை செய்து, செல்போன் என்றால் 30 வினாடி, லேண்ட்லைன் என்றால் 60 வினாடி அடிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பெரியப்பா தார்சாவிலிருந்து எழுந்து, முழங்காலை நீவி, கண்ணாடியைத் தேடி, போனை அடைய ஒரு நிமிஷம் ஆகும். அவருடைய முழங்காலை அறிந்தது லேண்ட்லைன் மட்டும்தான். அதையும் உலகமெங்கும் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டன் தன் பழைய செப்புக் கம்பித் தொலைபேசியை 2027 ஜனவரிக்குள் நிறுத்திவிடத் திட்டம் வைத்திருக்கிறது.

அந்த 6 காசும் 2021 ஜனவரி 1 முதல் போய்விட்டது. அதற்கு முன்பே, 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, பேச்சு இலவசம், டேட்டாவுக்கு மட்டும் காசு என்று அறிவித்ததிலேயே கதை முடிந்திருந்தது. பேச்சுக்குக் காசு வாங்கிப் பிழைத்த தொழில், பேச்சைக் கொசுறாக்கிவிட்டது. கொசுறு எந்த அளவுக்குக் கொசுறு என்றால், 2024 டிசம்பரில் டிராய் தனியாக ஒரு உத்தரவே போட வேண்டியிருந்தது: பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் போன் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு பேக்காவது கொடுங்கள், அவர்கள் தலையில் டேட்டாவைக் கட்டாதீர்கள் என்று. போன் கம்பெனியிடம் "பேசுவதற்கு மட்டும் ஒரு போன் கொடு" என்று அரசாங்கம் கேட்டு வாங்கித் தர வேண்டிய நிலை! பெரியப்பாவுக்கு அந்த பேக்தான் போட்டிருக்கிறேன். தனக்காகவே அரசு சட்டம் போட்டதாக அவர் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இலவசத்துக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்ப மாற்றம் இருக்கிறது. முன்பு நீங்கள் பேசினால் உங்களுக்கென்று ஒரு பாதையை ஒதுக்கி, பேசி முடிக்கும்வரை வேறு யாரையும் விடமாட்டார்கள். 4ஜி வழியே பேசும் வோல்ட்டி முறையில் அப்படியில்லை. உங்கள் குரலை 20 மில்லி வினாடித் துண்டுகளாக நறுக்கி, வினாடிக்கு 50 பொட்டலம் கட்டி, சினிமாப் பாட்டும் ரீல்ஸும் போகும் அதே சாலையில் அனுப்புகிறார்கள். குரல் பொட்டலத்துக்கு மட்டும் முன்னுரிமை உண்டு, அது தாமதித்தால் பேச்சு பேச்சாக இருக்காது. பழைய போன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அதனால்தான் மாமியார் குரலும் மாமனார் குரலும் குழம்பின. இப்போது 7000 ஹெர்ட்ஸ் வரை வருகிறது. பெருமூச்சுகூடத் துல்லியம். 2024 ஜூனில் நோக்கியாவின் தலைவர் பெக்கா லுண்ட்மார்க் இன்னும் ஒரு படி மேலே போய், முப்பரிமாண ஒலியில் ஒரு அழைப்பு செய்து காட்டினார். எதிராளி இடப்பக்கம் பேசினால் இடப்பக்கம் கேட்குமாம், பின்னால் நின்றால் பின்னால் கேட்குமாம். பெரியப்பா ஒரே திசையிலிருந்து திட்டும்போதே சமாளிக்க முடியவில்லை.

இதில் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் ஒன்று. நீங்கள் பேசாமல் இருக்கும்போது உங்கள் போன் குரலை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. மௌனத்தைப் பொட்டலம் கட்டி என்ன பயன்? ஆனால் மறுமுனையில் சுத்தமாகச் சத்தமே இல்லாவிட்டால், லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்த ஆரம்பித்துவிடுவார்கள். எனவே அவர்கள் பக்கத்துப் போனே மெல்லியதாக ஒரு இரைச்சலைத் தயாரித்து அவர்கள் காதில் ஊதுகிறது. பொறியாளர்கள் இதைக் கம்ஃபர்ட் நாய்ஸ் என்கிறார்கள். நீங்கள் கேட்கும் அந்த மெல்லிய "ஸ்ஸ்ஸ்" மறுமுனையிலிருந்து வரவே இல்லை. ஆள் இருக்கிறார் என்று உங்களை ஏமாற்றுவதற்காக உங்கள் கையில் இருக்கும் போனே போடும் நாடகம். கணவன்மார்களுக்கு இதில் கற்க ஒன்றுமில்லை. செய்தித்தாளைப் படித்துக்கொண்டே இருபது வினாடிக்கு ஒரு "ம்" கொட்டத் தெரியாமல் இல்லறம் நடத்தியவர் யார்?

சரி, நுணுக்கமெல்லாம் இருக்கட்டும். இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு இலவசமாகப் பேச வழி செய்த பிறகு யார் பேசுகிறார்கள்? கடன் தருகிறேன் என்பவர் பேசுகிறார். செங்கல்பட்டு தாண்டி, பேருந்து நிலையம் வரவிருக்கும் இடத்துக்கு மிக அருகில், மனை வாங்கச் சொல்பவர் பேசுகிறார். கிரெடிட் கார்டுக்காரர் பேசுகிறார், வேண்டாம் என்றால் காரணம் கேட்கிறார், காரணம் சொன்னால் வருத்தப்படுகிறார். 2020 மார்ச்சிலிருந்து அரசாங்கமும் பேச ஆரம்பித்தது. யாரைக் கூப்பிட்டாலும் கொரோனா எச்சரிக்கை, அதில் முதலில் ஒரு இருமல். பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, "யாருலே அது, நெஞ்சுல சளி கட்டி இருமுதது? சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடிக்கச் சொல்லு" என்று அந்த அரசாங்க இருமலுக்கு வைத்தியம் சொன்னார். பின்னர் இருமல் போய், மோசடிக்காரர்களிடம் ஏமாறாதீர்கள் என்ற எச்சரிக்கை வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடும் அவசரத்தில்கூட அறிவுரையைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று மக்கள் புலம்பினார்கள்.

காசு இருந்தபோது, கூப்பிடுகிறவர் ஒருமுறையாவது யோசித்தார். காசு போனதும் யோசனையும் போயிற்று. போன் கால் என்பதே செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அடுக்களைக்குள் வந்து நிற்கும் உரிமைதானே? நீங்கள் குளிக்கிறீர்களா, அழுகிறீர்களா, கோயிலில் கண்மூடி நிற்கிறீர்களா என்று அது பார்ப்பதில்லை. பழைய வீடுகளில் இதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்குத் திண்ணை உண்டு. வந்தவர் யாரானாலும் முதலில் அங்கேதான் உட்கார வேண்டும். ஆச்சி கதவோரம் நின்று, "யாரு, எந்த ஊரு, யாரைப் பாக்கணும்?" என்று விசாரிப்பார். ஒரு செம்பு மோர் வரும். மோர் குடித்து முடிப்பதற்குள், தாத்தா வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பது உள்ளே முடிவு செய்யப்பட்டுவிடும். 1876இல் கிரகாம் பெல் தொலைபேசியைக் கட்டும்போது திண்ணை வைக்காமல் கட்டிவிட்டார். ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தொழில் முழுவதும் இப்போது அந்தத் திண்ணையைக் கட்டுவதில்தான் மும்முரமாக இருக்கிறது. குரல் அழைப்பின் எதிர்காலம் என்று மாநாட்டில் சொல்வது இதைத்தான்.

முதல் செங்கலை வைத்தது அரசு. தொல்லை அழைப்பு வேண்டாம் என்றால் 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். விளம்பரம் செய்கிறவர்களுக்கு 140 என்று தொடங்கும் எண்கள், வங்கிகள் முதலானவற்றின் சேவை அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் எண்கள். ஒழுக்கமானவர்கள் ஒழுக்கமாக இந்த எண்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். நாம் ஒழுக்கமாக எடுப்பதில்லை. மற்றவர்கள் பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து வருகிறார்கள்.

இரண்டாவது செங்கல் 2009இல் சுவீடனில் பிறந்த ட்ரூகாலர். கூப்பிடுகிறவரை மற்றவர்கள் என்ன பெயரில் சேமித்திருக்கிறார்களோ அதைக் காட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாயையே திரையில் ஓடவிட்டது இது. எங்கள் பிளம்பரின் பெயர் அதில் "பிளம்பர் வரமாட்டான்". என் பெயர் "எல்ஐசி ஏஜென்ட் தம்பி". அண்ணன் பாலிசி பிடிப்பதை விட்டுப் பல வருஷமாகிறது. ஆனாலும் என் போனை யாரும் எடுப்பதில்லை.

மூன்றாவதுதான் கவலைக்குரியது. கூப்பிடுகிறவரின் உண்மைப் பெயரை நெட்வொர்க்கே காட்ட வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் டிராய் பரிந்துரைத்தது. எந்த உண்மைப் பெயர்? சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் எழுதிய பெயர். நல்ல யோசனை. ஆனால் எங்கள் குடும்பத்து எண்கள் எல்லாம், என்னுடையது, என் மனைவியுடையது, அண்ணனுடையது, ஆதி காலத்தில் அப்பாவின் ரேஷன் கார்டு நகலைக் கொடுத்து வாங்கியவை. அப்பா காலமாகிவிட்டார். பெரியப்பா யார் எண்ணையும் போனில் சேமிப்பவர் அல்ல. எல்லாம் நாள்காட்டி அட்டையின் பின்புறத்தில் இருக்கிறது. இனி நான் கூப்பிட்டால் அவர் திரையில் அவருடைய தம்பி பெயர் வரும். என் மனைவி கூப்பிட்டாலும் தம்பிதான். பெரியப்பா பதற மாட்டார் என்பதுதான் என் பயம். "ஏலே, வடக்கு வயல் பத்திரத்தை எங்கலே வச்சிட்டுப் போன?" என்றுதான் ஆரம்பிப்பார்.

பெயர் உண்மையாக இருந்தாலும் குரல் உண்மையா? மூன்று வினாடி மாதிரி கிடைத்தால் போதும், ஒருவர் குரலில் எதையும் பேசவைக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2023 ஜனவரியில் காட்டினார்கள். அடுத்த ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களுக்கு ஜோ பைடன் குரலில் ஒரு அழைப்பு வந்தது, முதல்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டாம் என்று. பைடன் பேசவே இல்லை, இயந்திரம் பேசியது. பிப்ரவரியிலேயே அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம், இயந்திர அழைப்புகளுக்கான தடைச் சட்டம் இந்தச் செயற்கைக் குரலுக்கும் பொருந்தும் என்று அறிவித்தது. இங்கே மோசடிக்காரர்கள் போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் கைது" செய்கிறார்கள். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டிவந்தது. ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள் என்கிறார்கள்.

குடும்பத்துக்கென்று ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், பணம் கேட்டு யாராவது கூப்பிட்டால் அந்தச் சொல்லைக் கேளுங்கள் என்று நிபுணர்கள் ஆலோசனை தருகிறார்கள். கூடிப் பேசி, எங்கள் ஊர்க் குழம்பின் பெயரான "சொதி" என்று முடிவு செய்தோம். திருநெல்வேலிக்காரர்களுக்கு மறக்காது என்ற நம்பிக்கை. பெரியம்மா அதை அன்று மாலையே கோயிலில் எல்லாருக்கும் சொல்லி, அவரவர் வீட்டிலும் அதையே வைத்துக்கொள்ளச் சிபாரிசு செய்துவிட்டார். இப்போது அம்பாசமுத்திரத்தில் பாதிப் பேருக்கு ரகசியச் சொல் சொதிதான். போன வாரம் பெரியப்பா கூப்பிட்டு வாழைக்கு உரம் போடப் பணம் கேட்டார்.

"பெரியப்பா, அந்த வார்த்தையைச் சொல்லுங்க."

"எந்த வார்த்தலே?"

"அதான், ரகசிய வார்த்தை. உங்க குரல்ல வேற யாரும் பேசலாம்ல?"

அடுத்த ஒரு நிமிஷம் அவர் பேசியதை அச்சில் தர இயலாது. என் பாட்டனாரில் தொடங்கி, நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் வாங்கிய மார்க் வழியாக, மாமனார் வீட்டுப் பக்கம் திரும்பி வந்து நின்றது. எந்தக் கம்பெனியின் எந்த இயந்திரமும் இதைத் தயாரிக்க முடியாது. பணத்தை அனுப்பிவிட்டேன்.

இனித் திண்ணைக்கு ஆச்சியும் வருகிறார். கூப்பிட்டவரை முதலில் போனே விசாரித்து, யார், என்ன விஷயம் என்று கேட்டு, நமக்கு எழுதிக் காட்டும் வசதி கூகுள் போன்களில் சில நாடுகளில் முன்பே இருந்தது. 2025இல் ஐபோனுக்கும் வந்தது. மறுபக்கமும் சும்மா இல்லை. மனிதக் குரலில் "ம்ம்" என்று இழுத்துப் பேசி முடிதிருத்தும் கடையில் நேரம் வாங்கிய கூகுள் இயந்திரத்தை உலகம் 2018இலேயே கேட்டது. கடன் விற்பவர்களும் இனி இயந்திரத்தைத்தான் உட்காரவைப்பார்கள். அதற்குச் சம்பளமும் வேண்டாம், திட்டினால் அழவும் அழாது. எனவே விரைவில் அவர்கள் இயந்திரம் கூப்பிடும், என் இயந்திரம் எடுக்கும். ஒன்று கடனின் பெருமையைச் சொல்லும், மற்றது பொறுமையாகக் கேட்கும். இரண்டுக்கும் அவசரமில்லை. யாருமே பேசாத, யாருமே கேட்காத கோடிக்கணக்கான அழைப்புகள், வினாடிக்கு 50 பொட்டலமாக, மெல்லிய செயற்கை இரைச்சலோடு. இரண்டும் பேசி முடித்து என் பெயரில் ஒரு கடனை வாங்கிவைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் பிரார்த்தனை.

போனிடமிருந்து ஓடி ஒளியலாம் என்றால் அதற்கும் இனி இடமில்லை. 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து, எந்த மாற்றமும் செய்யாத சாதாரண செல்போனில், கோபுரம் எதுவும் இல்லாமல் நேராகச் செயற்கைக்கோள் வழியாக ஜப்பானுக்குப் பேசிக் காட்டினார்கள். காட்டிலும் கடலிலும் இனிச் சிக்னல் கிடைக்கும். "டவர் இல்ல, அதான் எடுக்கல" என்று சொல்லித் தப்பித்துவந்த கடைசிச் சந்தும் அடைபடுகிறது. அப்போது மனிதனுக்கு இந்தத் திண்ணை ஆச்சியை விட்டால் வேறு கதியில்லை.

திருநெல்வேலித் தமிழ் புரியும் ஆச்சி என் போனுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். காலை ஐந்தரைக்குப் போன் வரும். நான் தூங்குவேன். அது எடுக்கும்.

"வணக்கம். தாங்கள் யார், எதற்காக அழைக்கிறீர்கள்?"

"நான் யாரா? நல்லாக் கேட்ட போ. அம்பாசமுத்திரத்துப் பெரியப்பான்னு சொல்லு. நீ யாரும்மா?"

"நான் அவருடைய உதவியாளர்."

"உதவிக்கு ஆளெல்லாம் வச்சிருக்கானா? சம்பளம் ஒழுங்காத் தாரானா? உனக்கு எந்த ஊரும்மா?"

நான் எழுந்து பார்க்கும்போது திரையில் சுருக்கம் இருக்கும். அழைத்தவர்: பெரியப்பா. நோக்கம்: தெளிவாக இல்லை. நேரம்: 47 நிமிடம். முக்கியச் செய்திகள்: தாமிரபரணியில் தண்ணீர் போகிறது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. வாழை இந்த வருஷம் பரவாயில்லை. நீங்கள் கூப்பிடுவதே இல்லை. நடவடிக்கை தேவையா: இல்லை.

இரண்டு நாளில் என் மனைவிக்குப் போன் வரும்.

"ஏம்மா, அவன் ஆபீஸ்ல ஒரு பொண்ணு போன் எடுக்காளே, அது கல்யாணம் ஆகாத பிள்ளையா?"

"யாரைச் சொல்றீங்க மாமா?"

"தங்கமான பிள்ளைம்மா. எம்புட்டு நேரம் பேசினாலும் சடைக்க மாட்டேங்கா. 'வேலையா இருக்கேன், அப்புறம் பேசுதேன்'னு ஒரு வார்த்தை சொல்லல. நம்ம மூத்தவன் மகனுக்குப் பாக்கலாம்னு இருக்கேன். பிறந்த தேதி கேட்டேன், அதை விட்டுட்டு ஏதோ வெர்ஷன் நம்பர் சொல்லுதா. குறிச்சு வச்சிருக்கேன். சாயங்காலம் ஜோசியர் வாராரு."